கோமதிக்கு ஒரு மருந்து

“நான் எப்போ தனியா மருந்து செய்யலாம், மேடம்?”

தவசிமுத்து கேட்டபோது ஷமீமா தராசுக்கு முன்னால் குனிந்திருந்தாள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். எண்ணின் கடைசி இலக்கம் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியது.

“பேசாதீங்க சார். ஆடுது.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எண் நின்றது. அவள் தூளைக் கல்வத்தில் தட்டினாள்.

“நான் கேட்டேனே.”

“கேட்டுச்சு.”

அவ்வளவுதான். குழவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது அந்த மருந்தகம். முன்பக்கம் எல்லாக் கடையையும் போல மாத்திரை, டானிக், சோப்பு. பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்துகளை அங்கேதான் செய்தார்கள். மாத்திரை விழுங்க முடியாத கிழவருக்குச் சொட்டு மருந்து. சாயம் ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்குச் சாயமில்லாத மாத்திரை. பிறந்த குழந்தைக்கு, பெரியவர்கள் மாத்திரையில் நூற்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு புட்டியும் ஒரே ஒரு ஆளுக்கு.

அந்த அறை ஷமீமாவுடையது. தவசிமுத்துவைவிட அவள் பத்து வயது சின்னவள்.

அவர் பாண்டிச்சேரியில் ஒரு மாத்திரை ஆலையில் இருந்தவர். அவர் பொறுப்பில் ஓடிய இயந்திரத்திலிருந்து லட்சக்கணக்கில் மாத்திரைகள் கொட்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அது அவருடைய பெருமை. ஆலையை வடக்கே மாற்றினார்கள். அவர் மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே அவருக்குக் கிடைத்த வேலை அரைப்பது, சலிப்பது, புட்டி கழுவுவது. கலந்து முடித்து மூடி திருகும் வேலையை ஷமீமா யாருக்கும் விட்டதில்லை.

“என்னைக் கேக்காம எதையும் முடிச்சிராதீங்க சார்.” சேர்ந்த அன்றைக்கு அவள் சொன்னது இது ஒன்றுதான்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஒரு சீட்டில் சந்தேகம் கேட்க அவள் எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

ஜன்னலில் ஒருவன் வந்து நின்றான். காக்கிச் சட்டை. லாரிக்காரன் என்று பார்த்தாலே தெரிந்தது.

“அண்ணாச்சி, கோமதிக்கு மருந்து. வேலம்மா மக. நான் தாய்மாமன். பேரு பூதப்பாண்டி.”

கோமதி என்ற பெயர் தவசிமுத்துவுக்குத் தெரியும். ஆறு வயது. வலிப்பு. மாதாமாதம் அம்மாக்காரி வந்து வாங்கிப்போவாள். அந்த மருந்துக்கு எத்தனையோ தடவை அவரே தூள் அரைத்துக் கொடுத்திருக்கிறார். ஷமீமா அதை வழவழவென்ற ஒரு வெறும் நீரில் கலப்பாள். இனிப்பு கிடையாது, மணம் கிடையாது, நிறம் கிடையாது. ஒருநாள் அவர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடுவரை வாய் கசந்தது.

“மேடம் வரட்டும். அரைமணி நேரம்.”

“பஸ்ஸு போயிரும் அண்ணாச்சி. அதை விட்டா அடுத்தது இருட்டுனப்புறந்தான். காலையிலயே பாட்டில் காலியாயிட்டாம். சாயங்காலம் குடுத்தே ஆகணும்னு அக்கா சொல்லி விட்டிருக்கா.”

தவசிமுத்து தெருவைப் பார்த்தார். ஷமீமாவைக் காணோம்.

“இன்னொண்ணு அண்ணாச்சி.” பூதப்பாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “புள்ள குடிக்க மாட்டேங்கா. நான் ரெண்டு கையையும் பிடிக்கணும், எங்க அக்கா மூக்கைப் பிடிக்கணும். நம்மளைப் பாத்து ‘விடு மாமா, விடு மாமா’ன்னு கத்துதா. பாதியத் துப்பிருதா. புள்ளைக்குப் பிடிச்சாப்ல எதாச்சும் செய்ய முடியாதா?”

“முடியும்” என்றார் தவசிமுத்து.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கை கழுவினார். கையுறை மாட்டினார். தூளை நிறுத்தார். எண் ஆடவில்லை. கல்வத்தில் போட்டு இழைத்தார். வெறும் நீர் இருந்த ஜாடிக்குப் பக்கத்தில் சீனிப்பாகு ஜாடி இருந்தது. ஆறு வயதுக் குழந்தை எதற்குச் சேற்றைக் குடிக்க வேண்டும்? அவர் பாகு ஜாடியை எடுத்தார். இரண்டு சொட்டு ஸ்ட்ராபெர்ரி. ஒரு துளி நிறம்.

அளவுக் குடுவையில் கோடு வரைக்கும் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மருந்தின் அளவில் ஒரு குறையும் இல்லை. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்த முதல் மருந்து அது. ரோஜா நிறத்தில் வெளிச்சத்தில் மின்னியது.

பூதப்பாண்டி மூடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நக்கினான். அவன் கண் கலங்கியது.

“நீங்க நல்லா இருப்பீங்க அண்ணாச்சி.”

அவன் ஓடிப்போய்ப் பஸ் பிடிப்பதைத் தவசிமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷமீமா திரும்பி வந்தபோது அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாகு ஜாடியின் மூடி இன்னும் திறந்தே இருந்தது.

அவள் ஜாடியைப் பார்த்தாள்.

“யாருக்குச் செஞ்சீங்க?”

“கோமதிக்கு. மாமா வந்திருந்தாரு. அவசரம்னு சொன்னதால நானே…”

“இதுலயா?”

“அளவு சரியா இருக்கு மேடம். ரெண்டு தடவை பாத்தேன். டேஸ்ட்டுக்குத்தான் கொஞ்சம்…”

ஷமீமா கைப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“அந்தப் புள்ளைக்குச் சீனி ஆகாது சார்.”

“ஆறு வயசுலயா? சுகரா?”

“சுகர் இல்ல. எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கலைன்னு டாக்டர் சாப்பாட்டையே மாத்திட்டாங்க. சோறு கிடையாது. இட்லி கிடையாது. சீனி, வெல்லம், வாழைப்பழம், ஒண்ணும் கிடையாது. முட்டை, வெண்ணெய், தேங்காய் எண்ணெய், எல்லாம் நிறுத்து நிறுத்துக் குடுக்கிறாங்க. அதுலதான் வலிப்பு குறைஞ்சிருக்கு. பங்குனியில யாரோ ஒரு மிட்டாய் குடுத்துட்டாங்க. ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்தா.”

தவசிமுத்துவின் கையில் துணி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஷமீமா வேலம்மாளின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தாள். அதே குரல். மலையடிவாரத்து ஊர். அங்கே சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

“மாமா நம்பர் வாங்குனீங்களா?”

“இல்ல.”

“எந்த பஸ்?”

“அம்பாசமுத்திரம் வழியா. கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும். மேடம், உங்க கார்ல போயிரலாம், வாங்க. இப்பக் கிளம்புனா பிடிச்சிரலாம்.”

அவர் வாசல் வரைக்கும் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் ஷமீமா இன்னும் அதே இடத்தில் நின்றாள். தராசின் உறையை எடுத்து மடித்து வைத்தாள்.

“மேடம்!”

“வாங்க. வந்து செய்ங்க.”

“எதை?”

“கோமதி மருந்தை. வெறும் நீர்ல.”

“இப்பவா? நேரமில்லை மேடம்! அங்க அந்தப் புள்ள குடிச்சிருவா!”

“அந்த பாட்டிலைப் பிடுங்கிட்டா சாயங்காலம் எதைக் குடுப்பீங்க? வேளை தப்புனாலும் வலிப்பு வரும்.”

அவர் வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

“அப்ப நீங்க செய்ங்க மேடம். உங்க கை வேகமா…”

“நீங்கதான் செய்யணும்.”

அவர் கை கழுவினார். கையுறை விரலில் ஏற மறுத்தது. தராசுத் தட்டில் தூளைத் தட்டினார். எண் ஏறியது. அதிகம். எடுத்தார். குறைந்தது. மறுபடி போட்டார். எண் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன. ஒவ்வொரு ஹாரனும் அம்பாசமுத்திரம் பஸ்ஸாகவே அவர் காதில் விழுந்தது.

“என்னால முடியல மேடம்.”

ஷமீமா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவசரப்படுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

அவர் தூள் முழுவதையும் வழித்துக் கழிவில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை எண்ணைப் பார்க்கவில்லை. தூளைப் பார்த்தார். கரண்டி நுனியை விரலால் மெதுவாகத் தட்டினார். பிறகு நிமிர்ந்தபோது எண் நின்றிருந்தது.

இழைத்தார். நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். ஊற்றினார். குலுக்கினார். பெயர்ச் சீட்டு ஒட்டினார்.

ஷமீமா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பையில் வைத்தாள்.

“வாங்க.”

அவள் கார் பழைய மாருதி. சேரன்மகாதேவி வரைக்கும் முன்னால் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் தவசிமுத்து எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு பஸ்ஸை முந்தும்போது காக்கிச் சட்டை தெரிந்தது. கத்திக் கைகாட்டினார். திரும்பிய முகம் வேறு யாருடையதோ.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷமீமா எஞ்சினை அணைத்தாள். தவசிமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாம் மேடம்.”

ரயில் வந்தது. பெட்டிகள் தடதடவென்று கடந்து முடிந்தன. கேட் இன்னும் ஏறவில்லை.

“சொல்லியிருக்கணும்” என்றாள் அவள்.

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கிட்டத்தில் வந்தது. வயல்களுக்கு நடுவே ஒற்றைச் சாலை. ஊருக்குள் நுழைந்து விசாரித்தார்கள். வேலம்மா வீடு கோயிலுக்குப் பின்னால்.

ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது.

சிமெண்ட் தரையில் ஒரு பெண்குழந்தை குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய ரெட்டைச் சடை. கரண்டி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அவளுடைய மேலுதட்டில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு.

பூதப்பாண்டி எழுந்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி! நீங்களே வந்துட்டீங்களா? பாருங்க, அக்கா சுத்துன பீடியக் கடையில குடுக்கப் போயிருக்கா, வரட்டும்னு பாத்தேன். புள்ள வாசனையப் பிடிச்சிட்டு விடலை. ஒரு கரண்டி முழுசாக் குடிச்சிட்டா. துப்பவே இல்ல அண்ணாச்சி! இன்னும் கேக்கா!”

தவசிமுத்து கரண்டியைப் பார்த்தார். துளி மிச்சமில்லை.

ஷமீமா குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எவ்வளவு நேரம் ஆச்சு?”

“இப்பத்தான். டீ போட்டுக் குடிச்சேன், அவ்வளவு நேரந்தான். ஏன்?”

அந்த நேரம் வேலம்மாள் வந்தாள். இடுப்பில் காலி முறம். வீட்டு முன்னால் கார். உள்ளே ஷமீமா. தரையில் ரோஜா நிறப் புட்டி. அவள் முறத்தைப் போட்டுவிட்டு மகளின் உதட்டை விரலால் துடைத்து, விரலை நாக்கில் வைத்தாள்.

“இனிக்கி” என்றாள்.

அவள் ஷமீமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“யக்கா, இது இனிக்கி.”

“நான்தான் செஞ்சேன்” என்றார் தவசிமுத்து. “மேடத்துக்குத் தெரியாது. சீனி ஆகாதுன்னு எனக்குத் தெரியல. நான்தான்.”

வேலம்மாள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மகளைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள்.

திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதப் பட்டை. நுனியில் சின்னச் சதுரம். சிறுநீர் பட்டதும் அது ஊதாவாக மாறினால் சாப்பாட்டுக் கணக்கு சரி. வெளிறினால் சரியில்லை. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

சதுரம் ஊதாவாக மாறியது. நல்ல ஊதா.

“கொஞ்ச நேரம் போனாத்தான் தெரியும்” என்றாள் வேலம்மாள். “போன தடவையும் முதல்ல இப்படித்தான் காட்டுச்சு.”

தவசிமுத்து பையிலிருந்த புட்டியை எடுத்தார். “இதைக் குடுக்கவா?”

“வேண்டாம்” என்றாள் ஷமீமா. “இந்த வேளைக்கு மருந்து உள்ள போயிருச்சு. மறுபடி குடுத்தா ரெட்டிப்பாயிரும். இது காலைக்கு.”

அவர் அவ்வளவு பாடுபட்டுச் செய்தது இப்போது வேண்டியதில்லை. புட்டியை வாங்கி வேலம்மாள் அலமாரியில் வைத்தாள்.

“நான் டாக்டர்கிட்டப் பேசிட்டு வாரேன். சிக்னல் எங்க கிடைக்கும்?”

“கோயில் மண்டபத்துல ஏறி நின்னாக் கிடைக்கும்.”

ஷமீமா செருப்பை மாட்டினாள். தவசிமுத்துவும் எழுந்தார்.

“நீங்க இங்க இருங்க சார்.”

“நான் என்ன செய்யணும்?”

“பாருங்க.”

“எதை?”

அவள் போய்விட்டாள்.

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். கோமதி மறுபடி படம் வரையத் தொடங்கியிருந்தாள். லாரி. அதன் மேல் ஒரு மயில். வேலம்மாள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்துவைத்து வெண்ணெய் நிறுத்தாள். ஒரு துண்டு கூடியது. கத்தியால் கீறி எடுத்தாள். எண் ஆடி நின்றது.

“மருந்துக்கடையில குடுத்ததுதானேன்னு நெனச்சேன். ஒரு வாய் சீனி, அதுல என்ன வந்திரும்?” என்றான் பூதப்பாண்டி. யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. “ரெண்டு வருசமா அவ ஒரு லட்டு தின்னதில்ல. திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா ஐஸ் வண்டி பக்கம் திரும்பாம நடத்திக் கூட்டிட்டு வரணும். அண்ணாச்சியை ஒண்ணும் சொல்லாதக்கா. இந்தப் புள்ளைக்காக மனசு இரங்குனது அவர் ஒருத்தர்தான்.”

தவசிமுத்து தலை குனிந்துகொண்டார். வேலம்மாள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோமதி மயிலுக்குத் தோகை வரைந்தாள். ஒன்று. இன்னொன்று. பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். இடது கையால்தான் வரைகிறாள் என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். சடை ஒன்று அவிழ்ந்திருந்தது. நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு வரைந்தாள்.

பென்சில் நின்றது.

ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்தார். பென்சில் நின்றே இருந்தது. நாக்கு உள்ளே போகவில்லை.

“அம்மா” என்றார். “அம்மா, இங்க பாருங்க!”

வேலம்மாள் வந்து சேர்வதற்குள் கோமதியின் கண்கள் மேலே செருகிவிட்டன. இடது தோள் வெட்டியது. பிறகு கை. பிறகு உடம்பு முழுவதும்.

“ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க. தலைக்கு எதாச்சும் குடுங்க. வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது” என்றாள் வேலம்மாள்.

தவசிமுத்து தன் உள்ளங்கையைத் தலைக்கும் தரைக்கும் நடுவில் வைத்தார். அந்தச் சின்னத் தலை அவர் கையில் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது. பூதப்பாண்டி சாவிக்கொத்தோடு ஓடி வந்தான்.

“சாவியெல்லாம் வேண்டாம்டா. கடிகாரத்தைப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுனாச் சொல்லு.”

வேலம்மாள் வலிப்பை அடக்க மூக்கில் அடிக்கிற மருந்தைத் திறந்து கையில் தயாராகப் பிடித்திருந்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பெயரா, நேரக் கணக்கா, தெரியவில்லை.

தவசிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. குழந்தையின் வாயோரத்தில் நுரை. அதில் இன்னும் ஸ்ட்ராபெர்ரி மணத்தது.

“மூணு தாண்டிட்டு” என்றான் பூதப்பாண்டி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

யாரும் நகரவில்லை.

“நாலு ஆகப் போகுது, அக்கா.”

கையில் இடித்த தலை ஒரு தடவை விட்டு இடித்தது. பிறகு இன்னும் மெதுவாக. பிறகு நின்றது. நீளமாக ஒரு மூச்சு வந்தது.

வேலம்மாள் மருந்தைக் கீழே வைத்தாள். மகளின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தவசிமுத்து தன் கையை எடுக்கவில்லை. மரத்துப்போயிருந்தது. எடுத்தால் விழித்துவிடுவாள் என்று பயந்தார்.

ஷமீமா வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வேலம்மாள் நடந்ததைச் சொன்னாள். ஷமீமா குழந்தையின் நாடியைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வழக்கமான சாப்பாட்டை மாற்ற வேண்டாம். இன்னொரு தடவை வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காகக் கார் இங்கேதான் நிற்கும்.

“என்னாலதானா?” என்று கேட்டார் தவசிமுத்து.

“தெரியாது. சீனி இல்லாமலும் வரும்.”

“அப்போ என் மேல…”

“தெரியாதுன்னுதான் சொன்னேன் சார்.”

கோமதி எழுந்து தண்ணீர் கேட்டாள். குடித்தாள். கொல்லைக்குப் போய் வந்தாள். அடுத்த பட்டை வெளிறித்தான் இருந்தது, ஆனால் ஊதா முழுக்கப் போய்விடவில்லை. விளக்குப் போட்ட பிறகு எடுத்த பட்டையில் அது கொஞ்சம் கூடியிருந்தது. வேலம்மாள் அதை விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகுதான் முதன்முதலாகச் சுவரில் சாய்ந்தாள்.

பூதப்பாண்டி ரோஜா நிறப் புட்டியைத் தானே எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினான்.

கோமதி தரையைத் தேடினாள்.

“அந்த ரோஸ் மருந்து எங்க?”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கொட்டியாச்சு” என்றார் தவசிமுத்து. “அது உனக்கு ஆகாது. அதைக் குடிச்சா உனக்கு வலிப்பு வரலாம். நான் தெரியாம செஞ்சிட்டேன்.”

“நீங்கதான் மருந்து செய்யிறவங்களா?”

“ஆமா.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இனிமே பழைய மருந்தா?”

“பழைய மருந்துதான்.”

அவள் முகம் சுருங்கியது. அழவில்லை. நீலப் பென்சிலை எடுத்து விரலில் சுற்றினாள்.

தவசிமுத்துவுக்கு யோசனைகள் வரிசைகட்டி வந்தன. நீரைக் குறைத்து, ஒரு கரண்டியை அரைக் கரண்டியாக்கலாம். வெண்ணெயில் குழைத்து உருட்டலாம். சீனி சேராத வேறு இனிப்பு இருக்கிறது, அது ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேட்கலாம். குளிர வைக்கலாம். ஏலக்காய் மணம் சேர்க்கலாம். கசப்பை மறைக்க எத்தனையோ வழி அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவர் ஒன்றையும் சொல்லவில்லை. சுவரோரத்திலிருந்து நகர்ந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அந்த மருந்துல உனக்கு எது பிடிக்கல?”

கோமதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். கதவோரம் நின்ற ஷமீமாவைப் பார்த்தாள்.

“என்னையா கேக்கீங்க?”

“உன்னைத்தான்.”

ஷமீமா வந்து தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோமதி யோசித்தாள்.

“எல்லாரும் கசப்புன்னு சொல்லுதாங்க” என்றாள். “கசப்பு இல்ல.” மாமாவைப் பார்த்துக்கொண்டே தன் மணிக்கட்டைத் தடவினாள்.